இரண்டு ஊருக்கும் பொது ஆள்

காலை ஐந்தே முக்காலுக்கு வால்வுக் குழிக்குள் இறங்கும் முன் பரசுராமன் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பார். குழாய்த் தண்ணீர் அல்ல. அடி அண்ணாமலை ஊரில் ஒரு கடையில் கேனாக வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்த தண்ணீர். ஆறு வருடமாக இப்படித்தான். இரண்டு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதைக் கண்டு சிரிக்காதவர்கள் இல்லை. கேட்டால், "இந்தக் கொழாய்ல ஒரு சொம்பு புடிச்சா, எந்த ஊர்த் தண்ணின்னு கேப்பாங்க" என்பார்.

ஆவாரம்பட்டுக்கும் கல்லேரிக்கும் நடுவில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது மோட்டார் அறை. போர்வெல் இருப்பது ஆவாரம்பட்டு ஏரிப் புறம்போக்கில். தொட்டி நிற்பது கல்லேரி மண்ணில். ஒரு காலத்தில் இந்தச் சாலையில்தான் குடங்கள் பறந்தன. காவல் நிலையம் வரை போன பிறகு இரண்டு பஞ்சாயத்துத் தலைவர்களும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய், அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். ஆறிலிருந்து ஏழு வரை ஆவாரம்பட்டு, ஏழிலிருந்து எட்டு வரை கல்லேரி. ஆபரேட்டர் இரண்டு ஊரையும் சேராதவராக இருக்க வேண்டும். அப்படி வந்தவர்தான் பரசுராமன். செய்யாறு பக்கம். மனைவி இல்லை, ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

வந்த முதல் மாதமே, அவர் தங்கும் மோட்டார் அறையின் கதவு ஆவாரம்பட்டைப் பார்த்து இருக்கிறது என்று கல்லேரியில் பேச்சு வந்தது. அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவைச் சாலைப் பக்கம் மாற்றி வைக்கச் சொன்னார். பிறகு யார் வீட்டிலும் டீ குடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். ஆடியில் இரண்டு ஊர் மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றுவார்கள். அவர் அறையில் சோறு வடித்துக்கொண்டிருப்பார்.

வால்வைத் திறக்கப் பதினான்கு சுற்று, மூடப் பதினான்கு சுற்று. வாய்விட்டு எண்ணுவார். "மாமனார் ஊட்டுப் பொட்டிய பூட்டறாப்புல பூட்டறாரு பாரு" என்று குடத்தோடு நிற்கும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் எண்ணிக்கை தவறாது.

இதற்கிடையில் ஊர்கள் மாறிவிட்டன. தண்ணீரில் தொடங்கிய ஒப்பந்தம் மற்றதற்கும் நீண்டது. குப்பை வண்டி இரண்டு ஊருக்கும் ஒன்றே. புதன்கிழமை நர்ஸ் வந்தால் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் ஊசி. இணைப்புச் சாலையில் விளக்கு எரிகிறது. முன்பு குடத்தால் அடித்துக்கொண்டவர்கள் இப்போது ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

அந்த ஆட்டோவில் போகிறவர்களில் ஒருவர் ராணியம்மாள். ஆவாரம்பட்டுக் கடைசித் தெரு; ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. போன கார்த்திகையில் பரசுராமன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, எட்டிப் பார்த்தது அவர் மட்டும்தான். படுத்திருந்தார் என்றாலும் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வால்வைத் திருப்பிவிட்டு வந்துதான் படுத்தார். ராணியம்மாள் ஒரு எவர்சில்வர் தூக்கை வாசலில் வைத்தார்.

"வாணாம்மா. அந்த ஊர்க்காரங்க பாத்தா பேச்சாயிடும்."

"கஞ்சிக்கு ஏதுண்ணா ஊரு? குடிச்சிட்டுப் படு."

நான்கு நாள் கஞ்சி வந்தது. நான்காம் நாள் தூக்கு அங்கேயே தங்கிவிட்டது. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது பரசுராமனுக்குத் தெரியும். கால் கிலோ சர்க்கரை வாங்கிப் போட்டு ஆணியில் மாட்டி வைத்தார். ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஆவாரம்பட்டுக் கடைசித் தெரு வரை எப்படி நடப்பது? யோசித்துக்கொண்டிருக்கையில் சர்க்கரையில் எறும்பு வந்துவிட்டது. கொட்டிவிட்டு வேறு வாங்கினார்.

தை மாதத்தில் ராணியம்மாள் மகள் தேவிப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கல்லேரி. அன்று காலை ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ராணியம்மாள் ஈரப் புடவையோடு ஓடிவந்தார்.

"இன்னும் ஒரு பத்து நிமிஷம் உடுண்ணா. கடைசித் தெருவுக்கு இப்பதான் வர ஆரம்பிச்சிருக்குது. ட்ரம்மு பாதிகூட ரொம்பல."

சாலைக்கு அந்தப் பக்கம் கல்லேரிப் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். பரசுராமன் அவர்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராணியம்மாளை மட்டும் பார்க்கவில்லை. சரியாக ஏழுக்குக் குழிக்குள் இறங்கிப் பதினான்கு சுற்று மூடினார். அன்று எண்ணியது வெளியே கேட்கவில்லை.

"சரிண்ணா. உன் வேல அது" என்று சொல்லிவிட்டு ராணியம்மாள் போய்விட்டார்.

எட்டு மணிக்கு, நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே ஒரு கல்லேரிப் பெண் சொன்னார்: "கேட்டிருந்தா நாங்களே உட்டுக் குடுத்திருப்போமே. சம்பந்தி ஊடு. எங்களுக்குத்தான அங்க இன்னிக்கு விருந்து. நீ ஏன்யா எங்கள ஒரு வார்த்த கேக்கல?"

பரசுராமன் வால்வை மூடக் குழிக்குள் இறங்கினார். இரண்டு ஊரும் விட்டுவிட்ட சண்டையை அவர் ஒருவர்தான் இன்னும் காவல் காத்துக்கொண்டிருந்தாரா? நேர்மை என்று இத்தனை நாள் நினைத்தது வெறும் பயம்தானா? அன்று மத்தியானம் விருந்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. பெண் வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று பெண் வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ராணியம்மாள் கோபமாக இருப்பதாகவும் தெரியவில்லை. ஆட்டோவுக்கு நடக்கையில் "சாப்டியாண்ணா" என்று முன்போலவே கேட்கிறார். தூக்கை மட்டும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று பரசுராமனுக்கு இருக்கிறது. ராணியம்மாள் கேட்டது பத்து நிமிடத் தண்ணீர். அதற்குச் சர்க்கரையா பதில்?

இருந்தாலும், மூன்றாவது முறையாக, இந்த வாரம் சர்க்கரை வாங்கினார். செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு, தூக்கைத் துடைத்து, மூடியை அழுத்தி, கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் வந்து நின்றார். ஆட்டோ வந்தது. உள்ளே ராணியம்மாள், அவர் தோளில் சாய்ந்தபடி கல்லேரிப் பெண்கள் இரண்டு பேர், எதற்கோ எல்லாரும் சிரித்துக்கொண்டு. ஓட்டுநர் இவரைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

பரசுராமனின் இடக்கை தூக்கோடு முதுகுக்குப் பின்னால் போனது. வலக்கையை, ஆட்டோவில் இருந்த எல்லாருக்கும் பொதுவாக, உயர்த்திக் காட்டினார்.