வசந்தியக்காவுக்குத் துவக்குத் தேடிய கதை

ஒஸ்லோவில் துவக்குக் கடையில், அதாவது துப்பாக்கிக் கடையில், நிற்பவனுக்கு, விற்பதைவிட ‘விற்க ஏலாது’ என்று சொல்வதுதான் பெரிய வேலை. என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு அந்தப் பாடு விளங்கும்.

கள்ளன் புகுந்த வீடு

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்து ட்வெய்ட்டாவிலிருந்து வசந்தியக்காவும் அவருடைய கணவர் நேசண்ணையும் கடைக்கு வந்தார்கள். முந்தின கிழமை வீட்டை உடைத்துக் கள்ளன் புகுந்திருக்கிறான். அக்காவுக்கு அன்றிலிருந்து நித்திரையே இல்லை. துவக்கைத் தொட்டும் பார்த்திராதவர், வீட்டுக் காவலுக்கு ஒன்று கேட்டார்.

“அதுக்குப் பொலிஸ் அனுமதி தராது அக்கா. வேட்டைக்கும் விளையாட்டுக்கும் மட்டுந்தான். நல்ல பூட்டும் அலாரமும் போடுங்கோ” என்றேன்.

நேசண்ணை வாசலுக்குத் திரும்பிவிட்டார். அக்கா அசையவில்லை.

“அப்ப வேட்டைக்குப் போனாத் தருவியளோ?”

பெரிசா, சின்னனா?

பகிடி என்றுதான் நினைத்தேன். ஆனால் சில மாதங்களில் அக்கா வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, பொலிஸ் அனுமதியோடு வந்து நின்றார்!

நேசண்ணை கடையிலேயே நீளமான ஷொட்கன்னைக் காட்டினார். அக்கா தூக்கினார், குழல் நிலத்தைப் பார்த்தது. பாரமும், சுடும்போது தோளில் இடிக்கிற உதையும் குறைந்த ஒன்றைக் கொடுத்தேன். அதன் அடிக்கட்டையான சோங்கு தோளில் அளவாகப் பொருந்தியதும் அக்காவின் முகம் மலர்ந்தது.

“உந்தச் சின்னத் துவக்கைக் கண்டாக் கள்ளன் சிரிப்பான்” என்றார் நேசண்ணை.

“அவன் சிரிக்கட்டும். என்ரை தோள் அழக்கூடாது.”

பறக்கும் தட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் சூட்டுக் கழகத்தில் புதியவர்களுக்குப் பழக்குவதும் நான்தான். மேலே எறியப்படும் களிமண் தட்டைச் சுட வேண்டும். அக்கா சுடச்சுடத் தட்டுகள் முழுசாய்ப் போய்ப் புல்லில் விழுந்தன. பார்த்தால், சுடும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுகிறார்!

“கண்ணைத் திறந்து தட்டோடையே போங்கோ அக்கா!”

அடுத்த தட்டு வானத்திலேயே தூளாய்ப் பறந்தது. நான் பழக்கினபடியே துவக்கை மடித்துத் திறந்து, கவனமாய்த் தாங்கியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் துள்ளினார்.

“தம்பி, நான்தான் உடைச்சனான்! நான்தான்!”

பட்டப்பகலில்

ஒருநாள் மத்தியானம் அக்கா மூச்சு வாங்கக் கடைக்கு ஓடிவந்தார். யாரோ ஒருத்தன் பல்கனிக் கதவை நெம்பியிருக்கிறான். துவக்கு, சட்டப்படி இரும்பு அலுமாரிக்குள். அக்கா குசினி யன்னலைத் திறந்து, “கள்ளன்! கள்ளன்!” என்று தமிழிலேயே கத்தியிருக்கிறார். அயல் முழுக்கப் பல்கனிக்கு வந்துவிட்டது. குதித்து ஓடியவனைப் பொலிஸ் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டது.

“துவக்கு ஞாபகம் வரேல்லையோ அக்கா?”

“அது மானுக்குத் தம்பி. கள்ளனுக்கு என்ரை தொண்டையே போதும்.”

துவக்கு வாங்க வருகிறவரின் பயம் தெளிவதற்குள், அதை எங்கே கையில் எடுத்துவிடுவாரோ என்று விற்கிறவன் பயப்படத் தொடங்கிவிடுகிறான்.