மருதாணி வேலி

எங்கள் பின்வீட்டுச் சீன அங்கிளுக்குத் தீராத இருமல் என்றுதான் நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் தம் வீட்டுப் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் இருமல்தான் வெளியே வரும். அதுவும் சாதாரண இருமல் இல்லை, தெருவுக்கே கேட்கும். சற்றுப் பொறுத்துத்தான் ஆள் வருவார். நானும் தம்பியும் அவரைப் போல இருமிக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்போது சிங்கப்பூரில் ஈசூனை ஒட்டி, தோளோடு தோள் இடித்து நிற்கும் தரைவீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு கொல்லை. அதன் எல்லையில் கம்பிவலை, வலைக்கு அப்பால் ஒரு குறுகிய கால்வாய், கால்வாய்க்கு அப்பால் அங்கிள் வீட்டுக் கொல்லை. அவருக்கு வளர்ந்த பையன்கள் மூன்று பேர். எப்போது பார்த்தாலும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி எப்படிப் பூட்டுவது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் கஷ்டம் உம்மாவுக்கு. அந்நிய ஆண்கள் பார்வையில் முக்காடில்லாமல் நிற்க மாட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துப்பட்டா எந்நேரமும் தொங்கும். ஒரு கைக்குட்டையைக் கொடியில் போடுவதென்றாலும் அதை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டுதான் கொல்லையில் கால் வைப்பார். பின்வீட்டு இருமல் கேட்டால் அதை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வார். முடியோ இடுப்பைத் தாண்டி இறங்கும் அடர்ந்த முடி. வெள்ளிக்கிழமை தலை முழுகினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வீட்டுக்குள் அது காய்வதாவது! ஈரத்தலையில் முக்காடு, பிறகு தலைவலி, பிறகு எங்கள் முதுகில் நாலு சாத்து. இதுதான் எங்கள் வெள்ளிக்கிழமை.

"ஈரத்தோட மூடி மூடி மண்டையெல்லாம் நீர் கோத்துக்குது. ஒரு நாளாச்சும் வெயில்ல நின்னு தலையைக் காயவெக்கணும், வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்று ஒருநாள் உம்மா வாப்பாவிடம் சொன்னார். நகை கேட்டிருந்தால் வாப்பா பேச்சை மாற்றியிருப்பார். கேட்டது வெயில். அதனால் மறுநாளே செடி பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வாப்பா எதையும் அலசி ஆராய்ந்துதான் செய்வார், அல்லது அலசி ஆராய்வதோடு விட்டுவிடுவார். நர்சரிக்காரர் முதலில் மூங்கிலைக் காட்டினார். சீக்கிரம் வளரும், சுவர் மாதிரி நிற்கும். மூங்கில் வைத்தால் பாம்பு வரும் என்று வாப்பா பயந்தார். காகிதப்பூச் செடியில் முள், துணி கிழியும். நெட்டிலிங்கம் நெடுநெடுவென்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதன் வேர் கால்வாயை உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது? இப்படியே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எங்கள் கொல்லையில் வாப்பாவின் சந்தேகங்கள் மட்டும் செழிப்பாக வளர்ந்தன.

கடைசியில் வழி சொன்னவர் மாமா, உம்மாவின் தம்பி. தேக்காவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தார். வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி, எதையும் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருந்தது.

"மூங்கிலும் வேணாம் ஒண்ணும் வேணாம் லாத்தா. மருதாணி வெச்சிருவோம். வேலிக்கு வேலியும் ஆச்சு, பெருநாளைக்குக் கைக்கு மருதாணியும் ஆச்சு!"

கேலாங்கில் தெரிந்த ஒரு மலாய் அம்மா வீட்டிலிருந்து ஒரு கட்டுப் போத்து வெட்டிக்கொண்டு வந்தார். மழைக்காலத் தொடக்கத்தில் கம்பிவலையோரம் மண்ணைக் கொத்தி இரண்டு வரிசையாக நட்டோம். முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைக் குச்சி வரவேண்டும். துளிர்த்ததும் மாமா நுனிகளைக் கிள்ளி எறிய, உம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"உசரம் இருந்து என்ன பண்றது லாத்தா, நடுவுல ஓட்டை இருந்தா? கிள்ளுனாத்தான் அடைச்சுக்கிட்டு வரும்" என்றார் மாமா.

அவர் சொன்னபடியே அடைத்துக்கொண்டு வந்தது. அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அதற்குத்தான் போயிற்று. அடுத்த மழைக்காலம் முடியும்போது வேலி உம்மாவின் தலைக்கு மேல் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை உம்மா துப்பட்டாவை ஆணியிலேயே விட்டுவிட்டுக் கொல்லையில் இறங்கினார். முடியை அவிழ்த்து விரித்துப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தலைவலி இல்லை, எங்களுக்கு அடியும் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு பொற்காலம். இன்னொரு அதிசயமும் நடந்தது. அங்கிளின் இருமல் நின்றுவிட்டது. மருதாணிக் காற்று அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டது என்று தம்பிக்கு நான் விளக்கம் சொன்னேன்.

நோன்புப் பெருநாள் வந்தது. மாமா சும்மா இருந்திருக்கலாம். புடவை விற்கும் வாயால், "எங்க லாத்தா வீட்டுல வேலியே மருதாணிதான்" என்று தேக்கா முழுக்க விரித்திருக்கிறார். கோன் மருதாணி கடைக்குக் கடை கிடைத்தாலும், பச்சை இலை அரைத்து வைப்பதற்கு ஈடாகுமா? பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் முதலே பிளாஸ்டிக் பைகளோடு பெண்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், வழி கேட்டு வந்த மலாய்ப் பெண்கள்.

வாப்பா உம்மாவைத் தனியே கூப்பிட்டு, "போதும்னு சொல்லிரு" என்றார்.

"மருதாணி கேட்டு வந்தவங்களை, அதுவும் பெருநாளைக்கு, வெறுங்கையோட அனுப்புறதா? நல்லா இருக்கே!" என்ற உம்மா, தாமே ஒரு கிளையை வளைத்து உருவத் தொடங்கினார். சாயங்காலம் மாமா வந்தபோது வேலியில் ஒரே ஒரு கிளைதான் இலையோடு இருந்தது. முதலாளி வீட்டம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக அவர் தலையைச் சொறிந்தார். உம்மா அதையும் உருவிக் கொடுத்தார்.

பெருநாள் காலையில் என் கைகள் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. தலை முழுகிய உம்மா கொல்லைக் கதவு வரை போய் நின்றார். எதிரே குச்சிகள். குச்சிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள். அந்தப் பக்கமிருந்து பழைய இருமல் சத்தம் கேட்டது. உம்மா திரும்பிவந்து மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தார். பெருநாளும் அதுவுமாக அவருக்குத் தலைவலி வந்தது.

மறுநாள் காலை பின்வீட்டில் ஒரே சுத்தியல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கிளும் பையன்களும் ஏணி போட்டு மூங்கில் திரைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறைச் சன்னலிலிருந்து மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம்வரை ஒரு விரற்கடை விடாமல் மூடிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருங்க உம்மா! நம்ம மூஞ்சியைப் பார்க்கவே அவங்களுக்குப் பிடிக்கலை!"

உம்மா கதவோரம் நின்று அந்தத் திரைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த வட்டலப்பத்தை அப்படியே முழுக் கிண்ணமாக என் கையில் கொடுத்தார்.

"அங்கிள் வீட்டுல கொண்டு போய்க் குடு. சலாம் சொன்னேன்னு சொல்லு."

அவமானப்படுத்தியவர்களுக்கு வட்டலப்பமா? தெரு சுற்றிப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அங்கிள் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். என் சிவந்த கைகளைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"டெல் மம்மி, டுடே சன் வெரி குட் லா" என்றார்.

வீடு திரும்பியதும் உம்மாவிடம், "இன்னைக்கு வெயில் நல்லா இருக்காம், சொல்லச் சொன்னாரு. ஏன், நமக்குக் கண்ணு இல்லையா?" என்றேன்.

உம்மா சிரித்தார். துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொண்டையை அவிழ்த்தபடி கொல்லையில் இறங்கினார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. கொடியில் போட ஈரத்துணியும் இல்லை. குச்சி வேலிக்கு முன்னால், மூங்கில் திரைகளைப் பார்த்தபடி, முடியைக் கோதிக்கொண்டு வெயிலில் சும்மா நின்றார். அந்தப் பக்கம் இருமலே இல்லை. நம்மைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துத் தன் வீட்டுக் காற்றைத் தானே அடைத்துக்கொண்ட அந்த மனிதருக்கு நன்றாக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நான் உள்ளே போனேன்.