முப்பத்தோராம் பக்கம்

கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் அவளுடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேடு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் 'நோட்ஸ்'. வகுப்பில் எழுதியதை விடுதி அறைக்கு வந்து இன்னொரு முறை எழுதுவாள். தலைப்புக்குப் பச்சை, சூத்திரத்துக்குக் கறுப்பு, மற்றதுக்கெல்லாம் நீலம். கணக்கின் ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் எண். ஓர் எழுத்து பிசகினாலும் அடித்துத் திருத்துகிற பேச்சே கிடையாது; தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள். "உனக்கு ஏதோ பேய் பிடிச்சிருக்கு" என்பாள் அறைத்தோழி நெட்டை. தேர்வு நெருங்கியதும் அந்தப் பேயின் நோட்டை முதல் ஆளாக இரவல் கேட்பவளும் அவள்தான்.

நோட்டு விடுதிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போகும். கடைக்கார அக்கா ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் நகல் போட்டுக் கொடுப்பாள். நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தேழு பேர் அதைப் படித்துத்தான் தேர்வுக்குப் போனார்கள். முப்பத்தேழு பேரும் தேறினார்கள். எழுதியவள் மட்டும் தேறவில்லை.

நடந்தது இதுதான். சுமை ஏற்றிய உத்திரம் எவ்வளவு தொய்யும் என்று கண்டுபிடிக்கிற கணக்கு மூன்றாவது கேள்வியாக வந்திருந்தது. நோட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்த அதே கணக்கு. ஏழாவது படிவரை மளமளவென்று எழுதினாள். அங்கே ஒரு கழித்தல் குறி வர வேண்டும் என்று திடீரென்று உறைத்தது. நோட்டில் அது இல்லை. எத்தனையோ முறை படித்தும் கண்ணில் படாத தப்பு, தேர்வறையில் வந்துதானா முழிக்க வேண்டும். சரி, குறியைப் போட்டுவிட்டு மேலே போகலாம் அல்லவா? அவள் அப்படிப் போகிற ஆளில்லை. இதுவே தப்பு என்றால் முதல் இரண்டு பதிலும் என்ன லட்சணத்தில் இருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பார்த்த இடமெல்லாம் சந்தேகம். மூன்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். மறுபடி எழுத ஆரம்பித்து அதையும் அடித்தாள். மணி அடித்தபோது கை வியர்த்திருந்தது, தாளில் உருப்படியாக மிஞ்சியது அங்கங்கே ஒன்றிரண்டு வரிகள்தான். மதிப்பெண் பதினொன்று.

மற்றவர்கள் எல்லாம் அந்தத் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதியிருப்பார்கள், தான் ஒருத்திதான் மண்டு என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மானம் போய்விடுமே. இந்தப் படிப்புக்கே தான் லாயக்கில்லை என்ற எண்ணம் காலையில் கண் விழிக்கும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா ஒரு கடையில் திரைச்சீலை தைக்கிறாள். தினமும் சாப்பாட்டு இடைவேளையில் போன் வரும்.

"ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"என்னதான் பண்றாங்களோ. நீ சாப்டியா?"

பதினெட்டு நாள் இதே பேச்சு ஓடியது. பத்தொன்பதாம் நாள், படிப்பை நிறுத்திக்கொள்வதற்கான படிவத்தை அலுவலகத்தில் வாங்கி நிரப்பினாள். அதையும் பிழையில்லாமல் மூன்று வண்ணத்தில் நிரப்பினாள் என்பதுதான் வேடிக்கை. பெற்றோர் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். மூன்று நகல் வேண்டும் என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

அங்கே நெட்டை நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு எடுத்தவளுக்கு அறுபது வேண்டுமாம். மறுமதிப்பீட்டுக்காகத் தன் விடைத்தாளின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே பாருடி. இந்த உத்திரக் கணக்குல எதுக்குக் குறைச்சாங்கன்னு சொல்லு."

நோட்ஸ் வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முப்பத்தோராம் பக்கம் அச்சு அசலாக நெட்டையின் கோழிக் கிறுக்கலில் இருந்தது. ஏழாவது படியில் கழித்தல் குறி இல்லை. திருத்தியவர் அந்த இடத்தைச் சுழித்து, பக்கத்தில் 'குறி?' என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு படித்து மதிப்பெண் போட்டிருந்தார். பதினைந்துக்குப் பதின்மூன்று.

"இங்க மைனஸ் வரணும்" என்றாள் மெல்ல.

"உன் நோட்டுல இல்லையே."

"என் நோட்டுலயே தப்பு. பரீட்சை ஹால்லதான் கண்டுபிடிச்சேன்."

"அப்படியா? எல்லாருமே இப்படித்தான் எழுதியிருப்பாங்க. விடு, ரெண்டு மார்க்குதானே." நெட்டை தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "உனக்கு இதுல எவ்வளவு போட்டாங்க?"

"சைபர்."

"தப்பைக் கண்டுபிடிச்ச உனக்கா?"

அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் நெட்டை மேல், பிறகு திருத்தியவர் மேல், கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு, தன் மேலேயே, வந்து சேர்ந்தது. தப்பு எழுதிய முப்பத்தேழு பேருக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. தப்பைக் கண்டவள் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறாள். கடை வாசல் என்றும் பார்க்காமல் அழுதாள். நெட்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா, எத்தனை காப்பி?" என்றாள் கடைக்கார அக்கா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"வேண்டாம்க்கா. நீங்க எடுத்து வச்சிருக்கிற என் நோட்டு காப்பியைக் கொஞ்சம் குடுங்க."

முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தாள். விரல்கள் தாளைக் கிழிக்கத்தான் போயின. அப்புறம் நீலப் பேனாவை எடுத்து ஏழாவது வரியை ஒரே கோட்டில் அடித்து, கீழே சரியாக எழுதினாள். அந்த நோட்டிலேயே முதல் அடித்தல் அதுதான். பார்க்க அசிங்கமாக இருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

அன்று அம்மாவுக்கு அவளே போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், பதினொன்று என்பதையும் சொன்னாள்.

"ஒரு பேப்பர் போச்சுன்னா போகட்டும், திரும்ப எழுது. ஆனா பதினெட்டு நாளா இங்க கடையில எல்லார்கிட்டயும் உங்க பல்கலைக்கழகத்தைக் கண்டபடி திட்டிட்டு இருந்தேன். ஏன் மறைச்ச?"

"நான் மண்டுன்னு தெரிஞ்சிடும்னு பயமா இருந்துச்சும்மா."

"மண்டுதான். இதை என்கிட்ட சொல்லாம இருந்தியே, அதுக்கு" என்றாள் அம்மா.

துணைத்தேர்வு ஆறு வாரம் கழித்து. படிவத்தின் முதுகில் அந்தக் கணக்கைப் போட்டுப் பழகினாள். தேர்வறையில் நான்காவது கேள்வியின் ஐந்தாம் படியில் ஓர் எண் இடம் மாறிவிட்டது. பழைய வியர்வை மறுபடி உள்ளங்கையில் வந்தது. முன்னால் எழுதியதைத் திரும்பிப் பார்க்கக் கை தானாகவே பக்கத்தைப் புரட்டப் போனது. போன கையை இழுத்துப் பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டே போனாள். பயம் போகவில்லை. கடைசிக் கேள்விவரை கூடவே வந்தது.

முடிவு வந்த அன்று சாப்பாட்டு இடைவேளைவரை அவள் காத்திருக்கவில்லை.

"அறுபத்தி ரெண்டும்மா."

"நிஜமாவே ரிசல்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"படம் எடுத்து அனுப்பு" என்றாள் அம்மா. "உங்க பல்கலைக்கழகத்தைத் திட்டினதையெல்லாம் இப்ப நான் ஒவ்வொருத்தர்கிட்டயா போய் வாபஸ் வாங்கணும்."