முருங்கன் நெல்லிலை சூடை மீன்

கொம்பியூட்டர் வேலையெண்டால் ஏசிக்குள்ளை இருந்து விரலை ஆட்டுற வேலையெண்டு சொந்தக்காரரிட்டைப் பேச்சு வாங்குற சகோதரங்களே, மன்னாரிலை அந்த வேலை பாக்கிறவன் சொல்லுறன், கேளுங்கோ.

சொந்தக் களஞ்சியம்

எழுதின புரோகிராமை அதுக்கு வேண்டிய சாமான் சட்டோடை ஒரே பொதியாக் கட்டுவம். அதுக்குப் பேர் கொண்டெய்னர் இமேஜ். பொதிகளை வெளிநாட்டுக் களஞ்சியம் ஒண்டிலைதான் வைச்சு எடுத்தனாங்கள். சோழகக் காத்து எழும்பினால் இன்ரநெற் லைன் போயிடும், பொதி பாதி வழியிலை நிண்டிடும்.

முருங்கன் அரிசி மில்லுக்கு அறுவடைக்கு முதல் நெல்லு நிறுக்கிற புரோகிராம் குடுக்கவேணும். பிந்தினால் மில்காரர் கொழும்புக் கம்பனியைப் பிடிப்பார். எங்களை அவரிட்டைச் சொல்லிவிட்டதே அங்கை நெல்லுப் போடுற என்ர மாமாதான். ஆகையாலை பழைய மெஷின் ஒண்டைக் ஒபிஸ் அலுமாரிக்குப் பக்கத்திலை வைச்சு, எங்களுக்கெண்டே ஒரு களஞ்சியம் போட்டம். முதலாளி ஸ்ரீபன் ஆறுதலாச் சொன்னார்: "மில் கைவிட்டுப் போச்செண்டால், நீர் மாமாவோடை வயலுக்குத்தான் போகோணும்."

தீர்த்தம்

ஸ்ரீபன் வள்ளக்காரக் குடும்பம். புதுசா எது வந்தாலும் ஃபாதர் வந்து மந்திரிச்சாகோணும். மெஷினுக்கு மேலை தண்ணி பட்டால் என்ர கதை முடிஞ்சுதெண்டு பயந்து, மழைக்கோட்டாலை அதை மூடிவிட்டன். தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கின ஃபாதர் அப்பிடியே நிண்டு என்னைப் பாத்தார். "தம்பி, குடையைப் பிடிச்சுக்கொண்டே பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறது?"

எல்லாம் அந்தோனியார்

பொதிகளுக்குப் பேர் வைச்சவ என்னோடை வேலை செய்யிற பேசாலைப் பிள்ளை ஜெசிந்தா. அவவின்ர அப்பா, சித்தப்பா, தமையன், எல்லாற்ற வள்ளத்துக்கும் அந்தோனியார் எண்டுதான் பேர். நெல்லுப் பொதிக்கும் அதையே வைச்சா. பிறகு மீன் ஏலத்திலை ஐஸ் தண்ணியைக் கழிச்சு நிறுக்கச் செய்த பொதிக்கும் அதையே வைச்சா. களஞ்சியத்துக்குக் கண்ணா இருக்கு? ஒரே பேரிலை இன்னொண்டு வந்தால், பழசைத் தள்ளிவிட்டுப் பேரைப் புதுசுக்குக் குடுத்திடும். குழம்பாதோ எண்டு கேட்டதுக்கு அவ சிரிச்சா. "கரையிலை நிண்டு பாத்தாலே எது ஆரின்ர வள்ளமெண்டு தெரியும், அண்ணா."

முதல் துண்டு

மில்லிலை வரிசையிலை முதல் ஆள் மாமா. மூட்டையைத் தராசிலை ஏத்தினார், நிறை எழுதின துண்டு வந்துது. அதிலை, "சூடை மீன். ஐஸ் தண்ணிக்குக் கழிவு" எண்டு கிடக்கு. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. காயவைச்சுக் கருவாடாக் கொண்டந்தால் விலை கூடுமோ எண்டு பின்னாலை ஒருத்தர் கேட்டார். எனக்கு வயல் கண்ணுக்கு முன்னாலை தெரிஞ்சுது.

மில்காரர் மட்டும் சிரிக்கேல்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஈர நெல்லுக்கு எவ்வளவு கழிக்கிறதெண்டு ஒவ்வொரு அறுவடைக்கும் சண்டை பிடிச்சுக் களைச்ச மனிசன். அறுவடை முழுக்க எங்கட புரோகிராம்தான் ஓடும் எண்டார். மீன்ர பேரை மட்டும் எடுக்கச் சொன்னார், தண்ணிக் கழிவு அப்பிடியே நிக்கட்டுமாம். வரிசையிலை நிண்ட எல்லாற்ற மூட்டையிலையும் இனி நிறை வெட்டு எண்டதும் சிரிச்ச வாயெல்லாம் மூடிக்கொண்டுது. மாமா துண்டை நாலா மடிச்சு என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார். "மருமோனே, உன்னை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தது நானெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

வயலுக்குப் போகாமல் நான் தப்பிட்டன், ஆனால் மாமா வீட்டை போனால் இப்பவும் தண்ணிக் கழிவு போக அரைக் கோப்பை தேத்தண்ணிதான் வருது.