ஹேமலதாவின் பதினோரு நாள்

"ஆம்பூர் ஹேமலதா எழுத உட்கார்ந்தால் பாலாறு எழுந்து நின்று வழிவிடும், அகராதிகளே அவரிடம் வந்து சந்தேகம் கேட்கும்."

இணையக் கலைக்களஞ்சியத்தின் ஆம்பூர் பக்கத்தில் பெயர் போடாமல் இதை ஏற்றியவன் பூவரசன்தான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவனுக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

ஹேமலதா ஷூ கம்பெனியில் தையல் சரிபார்ப்பவர். ஓய்வு நேரத்தில் கலைக்களஞ்சியத்தில் எழுதுவார். தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி பூவரசனின் அப்பா இறந்தபோது, "தொழிலாளியின் அலட்சியம்" என்று யாரோ அதே ஆம்பூர் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். ஹேமலதா அதை நீக்கிவிட்டு, "காரணம் குறித்து வழக்கு நடக்கிறது" என்று செய்தித்தாள் சான்றோடு போட்டார். அவர்கள் மாற்ற, இவர் திருத்த, பதினோரு நாள் இழுத்தது.

"மொதலாளிதான் கொன்னான்னு போடுக்கா" என்று பூவரசன் கெஞ்சினான்.

"அதுக்கும் இன்னும் தீர்ப்பு வரலடா."

கடைசியில் அவர் வரிதான் நின்றது. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பூவரசனின் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

புகழ்ச்சியை ஏற்றிய மறுநாள் அவன் கம்பெனி வாசலில் முறைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாக்கா, ரெண்டு வார்த்த புகழ்ந்தா தாங்காதா? அஞ்சே நிமிஷத்துல தூக்கிட்டியே!"

"எவனோ எழுதனான், ஆதாரம் இல்ல, தூக்கிட்டேன்" என்றார் ஹேமலதா. "ஆமா, அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சுன்னு உனக்கு எப்டிடா தெரியும்?"