என்ஜினைக் கழுவிய புதன்கிழமை

2024 செப்டம்பர் 4, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வைத்துவிட்டு, பழைய துணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். எங்கள் தெருவில் காலை வேளையில் தறிக்குப் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்பு உயரத்தில், பட்டு இழைகள் நீளப் பாய்போல விரிந்திருக்கும். அதைச் சுருட்டி எடுக்கும்வரை சைக்கிளைக்கூட ஓரமாக உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கார் என்றால் பேச்சே இல்லை. விடியலில் வெளியூர் போகிறவர்கள் முந்தின நாளே வண்டியைத் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது சும்மா கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் நான் பல வருடங்களாக என் வண்டியைப் பார்த்து வருகிறேன்.

ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது. வாரநாட்களில் பின்சீட்டை மடக்கிப் பட்டுச்சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெங்களூர், காஞ்சிபுரம் என்று ஓடும்; ஞாயிற்றுக்கிழமை சீட்டை நிமிர்த்தினால் குடும்பத்து வண்டி. மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது; எல்லாக் கணக்கும் என் டைரியில் இருக்கிறது. அன்றும் வழக்கம்போல ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். அளவு சரி. ரேடியேட்டர் தண்ணீர் சரி. டயர்களைச் சுற்றி வந்தேன். கீழே குனிந்து தரையில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வண்டி இரும்பில் கெடுவதில்லை, ரப்பரில்தான் கெடுகிறது. ஓஸ், பெல்ட், புஷ், ஆயில் சீல், எல்லாம் ரப்பர். அவற்றை அறுந்த பிறகு மாற்றுகிறவன் நடுரோட்டில் நிற்பான். அறுவதற்கு முன் மாற்றுகிறவனை மனைவி திட்டுவாள். நான் இரண்டாம் வகை.

அன்று காலை அவள் திட்டுவதற்கு வேறு காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஓசூரில் மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் என்பதால் வளையல் போட்ட கையோடு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி வேறு.

"ஒம்பது மாசக்காரிய பின்னாடி ஒக்கார வெச்சிகினு வர்றோம். வாணியம்பாடி தாண்டி நடுரோட்டுல நின்னுதுன்னா?" என்றாள், காபி டம்ளரை பானெட்டின் மேல் வைத்து.

"நிக்காது."

"நின்னுதுன்னா நீங்க டைரில நேரம் குறிச்சிகினு ஒக்காந்திருப்பீங்க. நான் இன்னா பண்றது?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டி இதுவரை வழியில் நின்றதில்லை என்பது உண்மை. ஆனால் இதுவரை நிற்காதது இனிமேல் நிற்காது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அவளுக்கு வேண்டியது வெள்ளிக்கிழமைக்கான அத்தாட்சி.

இதற்கு வழி கண்டுபிடித்தவன் என் மச்சான். அவளுடைய தம்பி, வந்தவாசியில் பழைய கார்களை வாங்கி விற்கிறான். நாற்பதாயிரம்கூட ஓடாத வண்டி ஒன்றை எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தான். எங்கள் வண்டியை வாங்கிக்கொள்ளக் களம்பூரிலிருந்து ஓர் ஆளையும் பிடித்துவிட்டான். பத்து மணிக்கு வந்து நின்றான்.

"மாமா, பார்ட்டி நாலு மணிக்கு வர்றாரு. ரைஸ்மில் வெச்சிருக்காரு. சாவிய குடுங்க, வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்தாறேன்."

"மேல மட்டும் கழுவச் சொல்லு. என்ஜின்ல தண்ணி அடிக்க வேணாம்."

"ஐயோ மாமா! பார்ட்டி மொதல்ல பானெட்டத்தான் தொறப்பாரு. என்ஜின் பளபளன்னு இருந்தா பாதி வேல முடிஞ்சுது."

வண்டி வாங்கிய நாள் முதல் என்ஜினில் நான் தண்ணீர் அடிக்க விட்டதில்லை. துணியால்தான் துடைப்பேன். ஆனால் அன்று சாவியைக் கொடுத்துவிட்டேன். போகிற வண்டி, போகும்போது அழகாகப் போகட்டுமே என்று ஒரு நினைப்பு.

மூன்று மணிக்கு வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. தெருவுக்குள் திரும்பும்போது ஒருமுறை இருமியதை மட்டும் கவனித்தேன்.

"இருமுதேடா?"

"குளிச்சா நமக்கே தும்மல் வரலியா மாமா? வுடுங்க."

நாலு மணிக்குக் களம்பூர்க்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறவர்களின் நிதானம். வண்டியைச் சுற்றி வந்தார். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, வெளியேயிருந்துதான் திறக்கும் என்று நானே சொன்னேன். மச்சான் என் காலை மிதித்தான். பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை.

மறுபடி திருப்பினார். சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு அப்படிப் பிடிவாதமாக எரிந்து நான் பார்த்ததே இல்லை.

இறங்கி வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். பளபளப்பைப் பார்த்தார். மச்சான் எதிர்பார்த்தது போல முகம் மலரவில்லை. விரலால் ஒரு மூலையைத் தொட்டார், ஈரம்.

"தம்பி, கழுவி வெச்ச என்ஜின நான் நம்பறதில்ல. ஆயில் ஒழுவறத மறைக்கத்தான் கழுவுவாங்க. அரிசிக்குப் பாலிஷ் போடறவன்கிட்டயே பாலிஷா?"

"ஐயோ, அப்டியெல்லாம் இல்லைங்க. தண்ணி போயிருக்கும்..."

"எதுவோ ஒண்ணு. இது பாதி வழில நிக்கற வண்டிப்பா."

மோர் டம்ளர்களோடு என் மனைவி அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். தட்டைச் சுவரின் மேல் வைத்தாள்.

"பாதி வழிலயா? எங்கங்க நின்னுது? நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா, பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்லாதீங்க. மாமனாருக்கு நெஞ்சு வலின்னு கொட்ற மழையில வேலூருக்கு ஓட்டிகினு போனோம், நிக்கல. பொண்ண காலேஜ்ல சேக்கச்சொல்ல பீரோவே ஏத்திகினு போனோம், நிக்கல. திருப்பதி மலையில முன்னாடி போன புது வண்டியெல்லாம் பொகைஞ்சிகினு ஓரமா நின்னுது. எங்க வண்டி ஏறிச்சு. இங்க தெருவுல பாவு பக்கத்துல எந்த வண்டியாவது ஸ்டார்ட் பண்ண வுடுவாங்களா? பட்டுல கரி ஏறிடும்னு சண்டைக்கு வருவாங்க. இத ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்ல. போய்க் கேளுங்க."

எனக்கு மீட்டர் தெரியும், ஆயில் மாற்றிய நாள் தெரியும். இந்தக் கணக்கு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

மச்சான் மெதுவாக, "அக்கா, நடுரோட்டுல நிக்கும்னு நீயேதான்..." என்றான்.

"நான் சொல்லுவேன். எங்க வண்டி. அவரு சொல்லக் கூடாது."

களம்பூர்க்காரர் மோரை ஒரே மடக்கில் குடித்தார். "நான் வேற எடம் பாத்துக்கறேன். மோர் நல்லா இருக்கும்மா," என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "இவ்ளோ பேசறவங்க விக்கவே வேணாமே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோர் மீதி இருந்தது. நாங்கள் மூவரும் குடித்தோம்.

"சரி அக்கா, வண்டிய பத்தி நல்லா பேசின. கெளம்பணுமே? அந்த வண்டிய நாளைக்கு ஜல்தியா கொண்டாந்துடவா?" என்றான் மச்சான்.

அவள் யோசித்தாள். "காலையில பாக்கறேன். இது கெளம்பிச்சுன்னா இதுல போறோம். கெளம்பலன்னா போன் பண்றேன், உன் வண்டிய கொண்டா. அப்புறம் உங்க மாமா ஒண்ணும் பேசக் கூடாது."

சம்மதித்தேன். வேறு என்ன செய்வது? வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, சென்சார் வயர்களின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. துணியால் துடைத்தேன், ஊதினேன். மழைக்காலக் காற்றில் இது விடிவதற்குள் காயுமா என்று எனக்குச் சந்தேகம். அவள் உள்ளே போய், நீள வயரில் தொங்கும் பழைய குண்டு பல்பு ஒன்றை எடுத்து வந்தாள். அவள் பிறந்தது முள்ளிப்பட்டில், தறி வைத்த வீடு. அடைமழை நாட்களில் பாவு நமுத்துப்போனால் அதன் அடியில் பல்பை எரியவிட்டுக் காய வைப்பார்களாம்.

"கிட்ட வைக்காதீங்க. ஒரு முழம் தள்ளி. சூடு படணும், சுடக் கூடாது," என்றாள்.

எதிலும் இடிக்காமல் கட்டித் தொங்கவிட்டோம். பானெட்டை முழுதாக மூடாமல் கட்டையைக் கொடுத்து, மேலே தார்ப்பாய் போட்டோம். இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் தெருவில் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்து, "இன்னா சார், முட்டை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

சாப்பிட்ட பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. "எல்லாத்தையும் மாட்டி ஒரு தடவ போட்டுப் பாத்துடட்டுமா?"

"ஈரப் பாவ தொட்டா இழைதான் அறும். காலையில பாருங்க. பேஜார் பண்ணாதீங்க."

அன்றைய டைரியில் வண்டியைப் பற்றி எழுத ஆரம்பித்து, முடிவு தெரியாததால் பாதியில் நிறுத்தினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பாவுக்காரர்கள் இழை தாங்கும் கம்பு நடுவதற்கு முன்பே இருவரும் வெளியே வந்தோம். தார்ப்பாயை எடுத்தேன். சாக்கெட்டுகள் வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தன. மாட்டினேன், பேட்டரியை இணைத்தேன். பல்பை அவிழ்த்துவிட்டு, வழக்கப்படி ஆயில் குச்சியை எடுக்கக் கையை நீட்டியபோது அவள் ஏற்கெனவே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிடித்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. கம்போடு வந்த பாவுக்காரர் நின்று புகைக் குழாயைப் பார்த்தார். அதன் பக்கத்திலேயே கம்பை நட்டார்.

அவள் என்ஜினை அணைக்கவில்லை, தம்பிக்குப் போனும் போடவில்லை. உள்ளே போய், நாளைய வளைகாப்புக்கான கண்ணாடி வளையல் பெட்டியைத் தூக்கி வந்து, வெளியேயிருந்து மட்டும் திறக்கும் அந்த இடது பின்கதவைத் திறந்து, சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டினாள்.