நோன்பு மாதத்துச் சாம்பார்

எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் சேர்த்து.

பெரிய அலுமினியக் குண்டானின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி... மூக்குக்கண்ணாடி முழுக்கப் படிந்து, எதிரே ஒன்றும் தெரியாது. மூக்கை மட்டும் நம்பி நிற்பேன். பெருங்காயம், முருங்கைக்காய், கொஞ்சம் டீசல். என் ஒன்பதாம் வகுப்பு எனக்கு அந்த வாசனையாகத்தான் நினைவிருக்கிறது.

ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சும் சாப்பாட்டை வாங்கி, சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறவர்களிடம் கொண்டு சேர்க்கும் சின்ன அமைப்பு ஒன்றில் அம்மா வேலை செய்கிறார். பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான். வண்டி ஓட்டுவது ஜப்பார் மாமா. சனிக்கிழமைகளில் நானும் போவேன், நூலகப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு.

அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு குண்டானையும் இரண்டு தடவை ருசி பார்க்க வேண்டும். கேன்டீன் வாசலில் ஒரு தடவை, கொண்டுபோய் இறக்கியதும் இன்னொரு தடவை. சூட்டோடு மூடிய சாம்பார் வழியிலேயே ஊசிப்போகலாம். ருசி பார்ப்பது ஜப்பார் மாமாவின் வேலை. கொரோனா வந்து போனதிலிருந்து அம்மாவுக்கு வாசனையும் ருசியும் சரியாகத் தெரிவதில்லை.

நோன்பு மாதம் வந்தது. மாமா பகலில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

"இந்த மாசம் தேனுதான் நமக்கு நாக்கு," என்றார் என்னைக் காட்டி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடும் வெயில். கேன்டீன் வாசலில் சாம்பார் நன்றாகவே இருந்தது. பாகலூர் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. வண்டி நகரவே இல்லை...

கம்பெனித் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் தட்டோடு வெளியே நின்றிருந்தார்கள். ஆர்டர் இல்லை என்று அந்த மாதம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வண்டி வந்தால்தான் பல வீடுகளில் மதியச் சாப்பாடு.

மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தேன். நாக்கு நுனியில் லேசாக ஒரு சுருக். புளி தூக்கலா, இல்லை ஊசத் தொடங்கிவிட்டதா? இன்னொரு வாய். தெரியவில்லை.

"என்னாம்மா, ருசி பாக்கறேன்னு நீயே தின்னு முடிச்சிருவ போல?"

கேட்டவர் மாதையன் அண்ணன். ஜவளகிரிப் பக்கத்துக்காரர், லோடு ஏற்றும் வேலைக்கு வந்தவர். வரிசையே சிரித்தது.

மாமா குனிந்து மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல கண்ணு. வாயில வெச்சாத்தான் சொல்ல முடியும்."

"சும்மா ஊத்துங்க பாய். எங்க வயிறு கல்லைப் போட்டாலும் செரிக்கும்," என்றார் மாதையன் அண்ணன்.

"கொழந்தைங்களுக்கு வாந்தி பேதின்னா நீயா தூக்கிட்டு ஓடுவ?" என்றார் அம்மா.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "தேனு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதையே ஒரு தட்டு சோத்துல ஊத்திக் குடுத்தா நீ முழுசாத் தின்னுவியா?"

யோசித்தேன்.

"மாட்டேன் மாமா."

அவ்வளவுதான். அவர் குண்டானைச் சாக்கடையோரம் சாய்த்தார். பருப்பும் முருங்கைக்காயும் ஓடுவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோறும் ஊறுகாயும்தான் போட முடிந்தது. ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டி, "சாம்பார்?" என்றாள். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

கொட்டுவதற்கு முன்பே மாதையன் அண்ணன் ஒரு சொம்பு மொண்டுகொண்டது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவர் குத்துக்கல் மாதிரி வரிசையில் நின்றார்.

"முழுச் சொம்பும் குடிச்சேன். ஒரு ஏப்பங்கூட வரல. உன் நாக்கு பொய் சொல்லுதும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவிடம் போய், நான் சொன்னது தப்பா என்று கேட்டேன்.

"அவன் வயிறு வேற, கொழந்தை வயிறு வேற. வண்டியில ஏறு," என்றார். நோன்பில் அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது.

நான் சொன்னது சரியா தப்பா... இன்றுவரை தெரியாது.

இப்போது நான் பிளஸ் டூ. அந்தக் கேன்டீனில் விரல் வைக்கும் மெஷின் வந்துவிட்டது. எத்தனை பேர் உள்ளே வருகிறார்களோ அத்தனை பேருக்குத்தான் சமையல். மிச்சம் என்று எதுவும் இல்லை. சாப்பாடு வீணாகாமல் இருப்பது நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அமைப்பே அரிசி வாங்கி, ஒரு வாடகை அறையில் சமைக்கிறது. கண்ணெதிரே கொதித்து இறங்குவதை யாரும் இரண்டு தடவை ருசி பார்க்க வேண்டியதில்லை. என் நாக்குக்கு வேலை போய்விட்டது. லைன் வீடுகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள், எங்களிடம் குண்டான் குறைந்துவிட்டது.

இன்றும் சனிக்கிழமை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு மாதையன் அண்ணன் தட்டோடு அறை வாசலுக்கு வந்தார். லோடு இறக்கி முடிக்க நேரமாகிவிட்டதாம். அம்மா கையை விரித்தார்.

அவர் என்னைப் பார்த்தார். "அன்னிக்குக் கொட்டுனியே ஒரு சாம்பார்... அது மிச்சம் கிடந்தாக் குடும்மா."

எல்லோரும் சிரித்தோம். அவர் காலித் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாமா வண்டியைக் கிளப்பினார். அம்மா அறை விளக்கை அணைத்தார்.